யார் செத்தது?

குல்லாயை இப்போதே கழற்றச் சொல்லிவிடலாமா, இல்லை அந்த வீட்டு வாசல் வரை தலையிலேயே இருக்கட்டுமா என்ற ஒரே கேள்வியை, ஜீப் மலையேறத் தொடங்கியதிலிருந்து செண்பகவல்லி மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது இருக்கும் என்று காப்பகத்து டாக்டர் சொன்னது. மாட்டுக்குப் பார்ப்பதுபோலப் பல்லைப் பார்த்துச் சொன்னது. சிவப்புக் கம்பளிக் குல்லாய், கடைத்தெருவில் அவசரத்துக்கு வாங்கியது, காதை மூடிப் புருவம் வரை இறங்கி நின்றது. கீழ்ச் சமவெளியின் வெக்கை இன்னும் ஜீப்பை விட்டுப் போகவில்லை. பிள்ளையின் நெற்றியோரம் வியர்வை வழிந்தது. துடைத்துவிடலாமென்று கை போனது, பாதியில் நின்றது. தொட்டால் குல்லாய் நகரும். நகர்ந்தால் மழித்த தலை தெரியும். தெரிந்தால்தான் என்ன, முன் சீட்டில் தோழி சபினாவும் டிரைவரும், ரெண்டு பேரும் பார்த்த தலைதானே. ஆனாலும் தெரியக்கூடாது. தான் எடுத்த முடிவில் நடந்த காரியத்தைத் தானே கண்கொண்டு பார்க்க முடியாத நிலைமைக்கு வந்தாயிற்று. கோவில்பட்டியில் ஒரு பிள்ளைக்குப் பேன் மிஞ்சிப்போனால் மொட்டையடிப்பார்கள், சந்தனம் பூசுவார்கள், அடுத்த தெருப் பயல்கள் தலையைத் தட்டிக் கேலி பண்ணுவார்கள், ரெண்டு மாசத்தில் முடி குத்திட்டு வளரும், அத்தோடு சரி. இந்த ஊரில் அப்படி இல்லை என்று அவளுக்கு யார் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து மனசு முட்டியது. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, காப்பகத்துச் சமையல்காரியிடமாவது சைகை காட்டிக் கேட்டிருக்கலாம். இருபது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை, செய்யத்தான் தோன்றியது.

சபினா கூப்பிட்டுத்தான் அவள் நேபாளத்துக்கு வந்தாள். மஸ்கட்டில் ரெண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை, ஒரே குக்கரில் பொங்கிய சோறு. செண்பகவல்லி பேசுகிற இந்தி மொத்தமும் சபினாவோடு சண்டை போட்டுக் கற்ற இந்தி. சபினா ஊர் திரும்பிக் காத்மாண்டுவில், கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் ஒரு காப்பகத்தில் சேர்ந்துகொண்டாள். ஒருநாள் போன். "வல்லி, இங்க ஒரு பொண்ணு வந்திருக்கு. எங்க மலைப் பொண்ணு. ஆனா எங்க பாஷை ஒரு வார்த்தை வரல, உன் பாஷைதான் பேசுது. இங்க ஒருத்தருக்கும் புரியல. ராத்திரியெல்லாம் தனியாப் பேசிக்கிட்டே இருக்கு. ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போயேன்." மொபைல் கடை வைத்திருக்கும் கணவன், நம்ம ஊரில் இல்லாத பிள்ளைகளா, அதுக்கு நேபாளத்துக்குப் போகணுமாக்கும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், மறுநாள் அவனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். வந்தாள். காப்பகத்து வராந்தாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் குனிந்து, "என்னட்டி, சாப்பிட்டியா" என்றாள். அது நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊருங்க" என்றது. நேபாளத்து முகம், ஈரோட்டு வாய். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொல்லி ஆறு வயதில் மலையை விட்டு இறக்கி, ரயில் மாற்றி ரயில் ஏற்றி, ஈரோட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிய பிள்ளை. வாசல் தெளிக்க, பாத்திரம் கழுவ, கைக்குழந்தை தூக்க. பிமலா என்ற பேரை எடுத்துவிட்டு ஜோதி என்று வைத்தார்கள். அந்த வீட்டுக்காரி மூன்றாம் வருஷம் ஒருநாள், இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டே, உங்கம்மா செத்துட்டாளாம் என்று சொன்னாள். சாகவில்லை. அம்மா தில்குமாரி உயிரோடுதான் இந்த மலையில், இந்தப் பாதை முடிகிற இடத்தில், மக்காச்சோளக் கொல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அவளிடம்தான் இந்த ஜீப் போய்க்கொண்டிருக்கிறது.

பேன் என்றால் சாதாரணப் பேனா அது. சீப்பை வைத்தால் கொட்டும். மருந்து போட்டும் போகவில்லை, சொறிந்து சொறிந்து உச்சியெல்லாம் புண், புண்ணில் முடி ஒட்டிக்கொண்டு நின்றது. சபினா ஊரில் இல்லாத நாள். பையன்களுக்கு முடிவெட்ட வந்த ஆளைச் செண்பகவல்லிதான் கைதட்டிக் கூப்பிட்டாள். பிள்ளை சம்மதத்தோடுதான் உட்கார்ந்தது. பழனிக்குப் போறதாட்டம் இருக்குதுங்க என்று சிரிக்கக்கூடச் செய்தது, அந்த வீட்டுக் குழந்தைக்கு முடியிறக்கப் போனபோது கூடப் போயிருக்கிறதாம், படியேறும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு. அந்த ஆள் கத்தியை எடுக்கத் தயங்கியதும் என்னமோ கேட்டதும் இப்போது ஞாபகம் வருகிறது. அன்றைக்குக் கூலிக்குப் பேரம் பேசுகிறான் என்று நினைத்தாள். நல்லா வழிச்சு எடு என்று சைகை காட்டினாள். முடிந்து தலையைத் துவட்டிச் சந்தனத்துக்கு எங்கே போவது என்று மஞ்சளைக் குழைத்துப் பூசி, அழகாத்தான் இருக்கே என்று வராந்தாவுக்குக் கூட்டிவந்தபோது, கூச்சல்போட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனையும் வாயை மூடின. சமையல்காரி கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். மறுநாள் வந்த சபினா வாசலிலேயே பையைக் கீழே போட்டாள். "யாரு செத்தது?" என்றாள். முதலில் அதைத்தான் கேட்டாள். யாரும் சாகல, பேன், என்றாள் செண்பகவல்லி. சபினா படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்பன் ஆத்தா செத்தா மகன் மழிப்பான் வல்லி எங்க ஊர்ல, பொண்ணு மழிக்கவே மாட்டா, அம்மா உசுரோட இருக்கையில இப்படி ஒரு பொண்ணு போய் நின்னா அந்தப் பொம்பள என்ன நெனப்பா, ஊரு என்ன சொல்லும் என்றாள். முடி வளரட்டும், பிறகு போவோம் என்றால் அதற்கும் வழியில்லை. மழை இறங்கிவிட்டால் பாதை அறுந்துபோகும், தசராவுக்குப் பிறகுதான் ஜீப் ஏறும். தில்குமாரிக்குச் சொல்லியாயிற்று. அவள் வாசலை மெழுகிவிட்டுக் காத்திருக்கிறாளாம்.

சந்திப்புக்கென்று சபினாவின் காப்பகத்தில் ஒரு முறை உண்டு. வார்டு தலைவர் ஒருத்தர் சாட்சிக்கு நிற்பார். தாயும் பிள்ளையும் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் யாரும் போகக்கூடாது, பிள்ளையை முன்னே தள்ளக்கூடாது, போய் அம்மாவைக் கட்டிக்கோ என்று சொல்லக்கூடாது. ரெண்டு பேரில் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் பிள்ளை அதே ஜீப்பில் திரும்பிவிடும். மொழி சொல்கிறவர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இங்கே மொழி சொல்கிறவர் ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். பிள்ளை தமிழில் சொல்லும், செண்பகவல்லி அதை இந்தியாக்குவாள், சபினா அதை நேபாளியாக்குவாள். தாய் ஒன்று சொன்னால் அதே வழியில் திரும்பி வர வேண்டும். அதுவரை என்ன நடக்கும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பது ஒன்றுதான் நடக்கும். வாய்க்கு வழியில்லாத இடத்தில் பார்ப்பதுதான் எல்லாம். அந்த முதல் பார்வையைத்தான் நான் வழித்துக் கீழே போட்டுவிட்டேன் என்று நினைத்தாள். தில்குமாரி பார்க்கிறாள், குல்லாய் இருக்கிறது, சிரிக்கிறாள், கிட்டே வருகிறாள், குல்லாய் கழல்கிறது, அலறுகிறாள். இல்லை. குல்லாய் முன்பே இல்லை, தில்குமாரி தூரத்திலிருந்தே பார்க்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். இல்லை, அதுவும் இல்லை. அவள் அசையாமல் நிற்கிறாள், இந்தப் பிள்ளையும் அசையாமல் நிற்கிறாள், ஒருத்திக்கு ஒருத்தி யாரும் இல்லாமல் நிற்கிறார்கள். மூன்றாவதுதான் இருப்பதிலேயே மோசம். அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்றால் வேறு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. மஸ்கட்டிலிருந்து முதல் லீவில் வந்தபோது மகனுக்கு நாலு வயது, தூத்துக்குடி ஏர்போர்ட் வாசலில் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான், அவள் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையை நீட்டினாள், அவன் மேலே பார்த்து அப்பாவிடம், இந்த ஆன்ட்டி யாரு என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இப்போது அந்தப் பயல் பிளஸ் டூ, அம்மா அம்மா என்று காலைச் சுற்றுகிறவன்தான், ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் அவள் வாயில் கசக்கிறது. அவனுக்கும் அவளுக்கும் மொழி இருந்தது. போட்டோ இருந்தது, வாரம் தவறாத போன் இருந்தது. அப்படி இருந்தும் ஆன்ட்டி. இங்கே என்ன இருக்கிறது. ஒரு சிவப்புக் குல்லாய் இருக்கிறது.

ஜீப் ஒரு வளைவில் குலுங்கித் திரும்பியது. பிள்ளை கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்து, செண்பகவல்லி கைப்பையைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்தாள்.

"கடலைமிட்டாய் திங்கியாட்டி?"

"வேண்டாமுங்க்கா."

"வெறும் வயித்தோட மலை ஏறுனா வாந்தி வரும்லா. ஒண்ணு வாயில போடு."

"போன தடவையும் ஜீப்புல குடுத்தாங்கங்க்கா. முட்டாயி."

பொட்டலத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். போன தடவை என்றால் இதே பாதை. பாதை ஒன்றுதான், இறங்கினாலும் ஏறினாலும். அன்றைக்கும் பக்கத்தில் ஒரு பொம்பிளை, சிரித்த முகமாக, வெளியூர்க்காரி, தின்ன ஏதோ கொடுத்து, பயப்படாதே, நல்ல இடத்துக்குத்தான் போகிறோம் என்றிருப்பாள். அவளும் வியர்வையைத் துடைத்துவிட்டிருப்பாள். நல்லவளாகத்தான் தெரிந்திருப்பாள், இல்லாவிட்டால் ஒரு தாய் எப்படிக் கூட அனுப்புவாள். இந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். ஒன்றும் இல்லை. நானும் நல்ல இடம் என்கிறேன், நானும் மிட்டாய் நீட்டுகிறேன், நானும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பப் போகிறவள். அவளாவது முடியை எடுக்கவில்லை. இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவள் தன்னையே வைதுகொண்டாள், வைதும் அது போகவில்லை. முன் சீட்டிலிருந்து சபினா திரும்பி, பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செண்பகவல்லியிடம் இந்தியில், குல்லாய் இருக்கட்டும், வீட்டுக்குள்ள போனப்புறம் நான் தனியா அம்மாகிட்ட சொல்லிக்கிறேன் என்றாள். நல்ல யோசனைதான். நர்ஸுக்குத் தெரிந்த யோசனையும்கூட, முதலில் கையைப் பிடி, பிறகு சொல். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இடறியது. ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிற பெண்ணை மூடிக் காட்டுவதா. அந்தத் தாயை ஏமாற்றினது போதாதா. பள்ளிக்கூடம் என்று சொல்லி ஒருத்தி ஏமாற்றினாள், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று ஆள் மாற்றி ஆள் வந்து ஏமாற்றினார்கள், இப்போது நாம் ஒரு குல்லாயைப் போட்டு. அட, உனக்கு உண்மை பேசணும்னா கத்தி எடுக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும் என்று உள்ளேயே இன்னொருத்தி நொடித்தாள். ரெண்டு பேரும் அவள்தான்.

ஓர் ஓடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற இடத்தில் வண்டி நின்றது. ரேடியேட்டர் கொதிக்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று டிரைவர் இறங்கினான். பிள்ளை ஒண்ணுக்குப் போகணும் என்றது. பாறைக்குப் பின்னால் போனது. செண்பகவல்லி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர்ச் சத்தம். எங்கேயோ மேலே கோடாலிச் சத்தம். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, மழை இன்றைக்கே இறங்கினால் என்ன செய்வது, இறங்கட்டும், பாதை அடைபடட்டும், திரும்பிப் போய்விடலாம், முடி வளரட்டும். அப்படி நினைத்தபோது நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது, அந்த நிம்மதியைக் கண்டுதான் அவள் பயந்தாள். இவ்வளவுதானா நான். தில்குமாரி மெழுகின வாசல் காயக் காய நிற்கட்டும், நான் தப்பித்தால் போதும் என்றா. பிள்ளை இன்னும் வரவில்லை. "ஏட்டி," என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. "ஏட்டி பிமலா." அந்தப் பேருக்கு அது இன்னும் திரும்பிப் பழகவில்லை. "ஜோதி." தண்ணீர்ச் சத்தம்தான். ஓடிவிட்டாளா. ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவாள், இந்த மலையில் யாரிடம் போய் என்ன சொல்வாள், ஈரோட்டுத் தமிழில் யாருக்கு என்ன புரியும், கீழே பள்ளம், ஐயோ பள்ளம். செருப்பு வழுக்க அவள் பாறையைச் சுற்றி ஓடினாள்.

பிள்ளை ஓடையோரம் குத்தவைத்து உட்கார்ந்து, குல்லாயை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"எரியுதுங்க்கா," என்றது, திரும்பாமலே.

செண்பகவல்லி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூப்போல முளைவிட்டிருந்த தலையில் புண் தழும்புகள் ஆறி வெளுத்துத் தெரிந்தன. ஆறிவிட்டது. செய்த வேலை வேலை என்ற அளவில் சரியாகத்தான் இருந்தது. அதை யாரிடம் சொல்ல.

"இந்த மொட்டையப் பாத்தா அவங்க பயந்துக்குவாங்களாங்க?"

"கொஞ்சம் பயப்படுவாக. சபினா அத்தை எடுத்துச் சொல்லுவாக."

"செத்தவங்களுக்குத்தான் இங்க மொட்டை போடுவாங்கன்னீங்களே."

"அப்பா அம்மா செத்தா. ஆமா."

பிள்ளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்ற அம்மா செத்துட்டாங்கன்னு அந்த வூட்டம்மா சொன்னப்ப நான் அழுவவே இல்லீங்க. பாத்தரம் நெறையக் கெடந்துச்சு. கழுவிட்டு அழுதுக்கலாம்னு இருந்தனுங்க. அப்பறம் கொழந்த எந்திரிச்சுருச்சு. அப்பறம் அழுவ வரல," என்றது.

செண்பகவல்லி தானும் ஒரு கை தண்ணீர் அள்ளி அந்தத் தலையில் ஊற்றினாள்.

"இப்ப வர்றது நெசமாவே என்ற அம்மாதானுங்களா? இல்ல, வேற யாரையாச்சும் நிறுத்தி வெச்சு அம்மான்னு சொல்லுவாங்களா?"

"எல்லாம் விசாரிச்சுட்டாகட்டி. உங்க அம்மாதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல."

"நீங்க எப்பங்க போவீங்க?"

பொய் சொல்லலாம். ரெண்டு நாள் இருப்பேன், வாரம் ஒருதரம் வருவேன். நாக்கு நுனியில் வந்து நின்றது. "நாளைக்குக் காலைல," என்றாள். பிள்ளை தலையை ஆட்டியது. அது எதிர்பார்த்த பதில்தான் போல. குல்லாயை எடுத்துத் தானே தலையில் மாட்டிக்கொண்டு எழுந்தது.

வண்டி கிளம்பியதிலிருந்து செண்பகவல்லி மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். நாளைக்குக் காலையில் இந்த ஜீப் இறங்கும். அந்த வீட்டில் இவள் இருப்பாள். பசித்தால் சொல்லத் தெரியும், தண்ணீர் கேட்கத் தெரியும், சபினா கற்றுக்கொடுத்திருக்கிறாள். ராத்திரி கெட்ட கனவு கண்டு எழுந்தால் அதை எந்த மொழியில் சொல்வாள். சொன்னால் யார் கேட்பார்கள். தாய் தலையைத் தடவுவாள், தடவுவாளா, இந்தத் தலையையா. மொழி வந்துவிடும், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வந்துவிடும் என்று சபினா அடித்துச் சொல்கிறாள். வரும். அதுவரைக்கும்? அதுவரைக்கும் தாயிடம் ஒரு பிடி வேண்டும், இது என் பிள்ளை என்கிற பிடி, பேச்சு இல்லாத நாட்களில் தொங்கிக்கொண்டிருக்க. அது முதல் பார்வையில் விழுந்தால்தான் உண்டு. விழாவிட்டால் இதே வீட்டில் இவள் இன்னொரு தரம் வேலைக்காரிதான். சாணி அள்ளுவாள், புல் அறுப்பாள், பாத்திரம் கழுவுவாள். நன்றாகவே கழுவுவாள். செண்பகவல்லி வெளியே எட்டிப் பார்த்தாள். மலைச்சரிவில் படி படியாக வயல்கள், ஒரு பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை, அதற்குக் கீழே ஆட்கள். கூட்டமாக ஆட்கள். ஊரே வந்திருந்தது. இவ்வளவு பேர் எதற்கு, யார் சொன்னார்கள் இவ்வளவு பேரை வரச்சொல்லி.

பள்ளிக்கூட மைதானத்தில் வண்டி நின்றது. வார்டு தலைவர் செண்டுப்பூ மாலையோடு நின்றிருந்தார்; சபினா இறங்கியதும், இப்போது வேண்டாம் என்று அவரிடம் கைகாட்ட, மாலை முதுகுக்குப் பின்னால் போனது. கூட்டம் விலகி நடுவில் இடம் விட்டது. அந்த இடத்தின் மறுகோடியில் ஒரு பொம்பிளை தனியாக நின்றாள். குட்டையான உருவம், வெயிலில் கறுத்த முகம், புதுச் சேலை, அதற்குப் பொருந்தாத பழைய ரவிக்கை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சேலை முனையைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். தில்குமாரி. யாரும் சொல்லாமலே தெரிந்தது. இந்தப் பிள்ளையின் நெற்றி, அந்தக் கன்னம், அப்படியே. செண்பகவல்லி பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். தெரிகிறதா உனக்கு, அவளுக்குத் தெரிகிறதா. பிள்ளை இறங்கி நாலைந்து அடி முன்னே போய் நின்றது. யாரும் தள்ளவில்லை. அது இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோவது தெரிந்தது. வேண்டாம், என்று செண்பகவல்லிக்குள் கத்தியது. சபினா ஓரடி எடுத்து வைத்துவிட்டு, முறை ஞாபகம் வந்து நின்றாள். பிள்ளை குல்லாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டது.

கூட்டத்தின் பேச்சு நின்றது. ஒரு கிழவன் வாய்க்குள் ஏதோ சொன்னான், பக்கத்திலிருந்தவள் அவன் கையைப் பிடித்து அடக்கினாள். தில்குமாரி பார்த்தாள். அலறவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. இரண்டடி பின்னால் போனாள், கால் மடங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள், புதுச் சேலையோடு. போச்சு, என்று நினைத்தாள் செண்பகவல்லி, எல்லாம் போச்சு, இதுக்குத்தான், இதுக்குத்தான் கேட்டிருக்கணும், நான்தான்னு சொல்லிடணும், பேன், வெறும் பேன், மருந்து போட்டும் போகல, என் ஊர்ல இப்படித்தான், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. வாய்விட்டே சொல்லத் தொடங்கிவிட்டாள் போல, இந்தியில், சபினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு: சொல்லு சபினா, அவகிட்ட சொல்லு, நான்தான் செஞ்சேன்னு சொல்லு. சபினா அவள் கையை எடுத்துவிட்டாள். "அவ பேசறா. இரு."

தில்குமாரி உட்கார்ந்தபடியே பேசினாள். கண் பிள்ளையின் தலையை விட்டு நகரவில்லை. சத்தமில்லாமல், பக்கத்தில் யாரிடமோ வீட்டுக் காரியம் பேசுகிறவளைப்போலப் பேசினாள். சபினா முழுசும் கேட்டுவிட்டு செண்பகவல்லி பக்கம் திரும்பினாள். பிறகு இந்தியில் சொன்னாள். "நான் செத்துப்போனதா இவகிட்ட சொல்லிட்டாங்களான்னு கேக்கறா. எனக்கு மகன் இல்ல, நான் செத்தா தலை மழிக்க ஒருத்தரும் இல்லன்னு இருந்தேன். இந்தப் பொண்ணு எனக்காகவா மழிச்சுது, கேட்டுச் சொல்லுங்கன்னு சொல்றா."

சபினாவுக்குத் தெரியும், எதற்காக மழித்தது என்று. படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்தவள் அவள்தான். அவளும் செண்பகவல்லியும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கண் அசைவில் முடித்துவிடலாம், ஆமாம் என்று சபினாவே சொல்லிவிடலாம், பிள்ளையைக் கேட்க வேண்டாம். இல்லை, கேட்கச் சொன்னது பிள்ளையை. செண்பகவல்லி பிள்ளையின் அருகே போய், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். "உங்க அம்மா கேக்காக. தான் செத்துப்போனதா உன்கிட்ட சொன்னாகளான்னு கேக்காக. எனக்கு மகன் இல்ல, நான் செத்தா மொட்டை போட ஒருத்தரும் இல்லன்னு இருந்தேன், நீ எனக்காகவா போட்டுக்கிட்டன்னு கேக்காக." சொல்லி முடித்ததும் பயமாக இருந்தது. பேன் என்று சொல்லப்போகிறது. சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிள்ளை அவளைப் பார்த்தது. பிறகு மண்ணில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தது, வெகுநேரம், நெற்றியை, கையை, சுருண்டு கிடந்த சேலை முனையை. பாத்திரம் ஒன்றும் கழுவக் கிடக்காத இடத்தில் முதல் தடவையாக அதன் வாய் கோணியது.

"அவங்களுக்காகத்தானுங்க," என்றது. "சொல்லுங்க்கா."

செண்பகவல்லி இந்தியில் சொன்னாள். சபினா கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பின்பு நிமிர்ந்து, ஊர் முழுக்கக் கேட்கிற குரலில், நேபாளியில் அதைச் சொன்னாள்.

தில்குமாரி எழுந்து வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். பிள்ளைதான் போனது. போய் எதிரே மண்டியிட்டது. அவள் அந்தத் தலையை இரண்டு கைக்குள்ளும் வாங்கி, உச்சியில், பிடரியில், காதுக்குப் பின்னால், ஒவ்வோர் இடமாகத் தடவினாள். தடவிக்கொண்டே அதட்டுகிற குரலில் ஏதோ சொன்னாள். சபினா சொன்னதைக் கேட்டுச் செண்பகவல்லி தமிழில் சொன்னாள். "நான் சாகலையே, இந்தா இருக்கேன்லா, தெரியுதான்னு கேக்காகட்டி."

பிள்ளை இந்தப் பக்கம் திரும்பவில்லை. தாயின் முகத்தைப் பார்த்தே, "தெரியுதுங்க," என்றது. சொல்லிவிட்டு அழுதது. தில்குமாரி அதற்கு என்னவோ பதில் சொன்னாள். சபினா அதை இந்தியில் சொல்லவில்லை, செண்பகவல்லியும் கேட்கவில்லை.